மஞ்சாடிமேட்டுக் குதிரைகளும் ஒரு தமிழ் மனுவும்

நெல்லையும் பருப்பையும் நிறுக்கின்ற கையாலேயே நியாயத்தையும் நிறுத்துப் பார்க்கத் தெரிந்தவர், சாலைக் கடைவீதியின் செல்வர், இன்றைய அவைத் தலைவர் பெருந்தகை அழகியநம்பி அவர்களே! பதினாறு ஆண்டுகளாக இந்த வாசகர் அரங்கத்தின் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டிருக்கும் செயலாளர், ஆசிரியை மாளவிகா அவர்களே! முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! வீட்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! வாசற்படியில், பேருந்தின் மேல் ஒரு கண்ணும் பேச்சின் மேல் ஒரு காதுமாக நிற்கும் நண்பர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த நாகேஸ்வரனின் வணக்கம்.

சட்டத்துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அதனால்தான் அழைப்பிதழில் 'சட்டமும் சாமானியரும்' என்று எனக்கு ஒரு தலைப்பைத் தந்திருக்கிறார்கள். தலைப்பு அதுவே இருக்கட்டும். ஆனால் நான் பேசப்போவது குதிரைகளைப் பற்றி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இந்தப் பேச்சு முடிவதற்குள் நீங்களும் என்னைப் போலவே வியக்கப் போகிறீர்கள்.

நம் திருவனந்தபுரத்தில், இந்த அரங்கத்திலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் குதிரைமாளிகை அரண்மனை. கூரைக்குக் கீழே வரிசை வரிசையாக மரக்குதிரைகள். எத்தனை? ஆமாம், அம்மா, சரியாகச் சொன்னீர்கள், நூற்றிருபத்திரண்டு. அவற்றில் ஒன்றின் காது உடைந்தால் கேட்க ஆள் உண்டு, கணக்கு உண்டு, காவல் உண்டு. மரத்தில் செய்த குதிரைக்கு இத்தனை மதிப்பு! சரி, மலையில் மேயும் உயிருள்ள குதிரைக்கு? எவரும் வாங்காத, எவரும் வளர்க்காத, எவரும் கடிவாளம் போடாத குதிரைக்கு? அது யாருடையது? அதைக் காப்பது யார் கடமை? அதைப் பிடித்தால் எந்தச் சட்டம் கேட்கும்?

இந்தக் கேள்விகளை ஐம்பத்தைந்து வயது வரைக்கும் நான் கேட்டதே இல்லை. கேட்காமலே பதில் எழுதினேன். அந்தப் பதிலால் ஓர் உயிர் போயிற்று. அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

கிழக்கு மலையில் மஞ்சாடிமேடு என்று ஓர் இடம். மூன்று மலைகளுக்கு நடுவே விரிந்து கிடக்கும் புல்வெளி, அரசுப் புறம்போக்கு. தேயிலைத் தோட்டத்துத் துரைமார்கள் ஏறித் திரிந்த குதிரைகளை அவர்கள் ஊர் திரும்பும்போது அவிழ்த்து விட்டுப் போனார்களாம். அவை அங்கேயே ஈன்று, அங்கேயே மேய்ந்து, மழையையும் பனியையும் பழகி, குட்டையான கால்களும் அடர்ந்த பிடரியுமாக ஒரு தனிக்கூட்டமாகிவிட்டன. மொத்தம் அறுபத்து மூன்று.

புல்வெளியின் கீழ்ச்சரிவில் சுவாமிதாஸ் என்ற விவசாயியின் நிலம். ஒன்றரை ஏக்கர். பீன்ஸும் உருளைக்கிழங்கும் போடுவார். அவருடைய முப்பாட்டனார் நாஞ்சில் நாட்டிலிருந்து மலையேறிப் போனவர். கோடையில் மேலே புல் காய்ந்தால் குதிரைகள் கீழே இறங்கும். இறங்கினால் பீன்ஸ் கொடி மிஞ்சுமா? இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அவர் விளைச்சல் அழிந்தது. மூன்றாம் ஆண்டு அவர் ஒரு மனு எழுதினார். பள்ளியில் படித்தது தமிழ், எழுதியதும் தமிழ். அதைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த மனு அதன்பிறகு என்ன பாடு பட்டது, கேளுங்கள்!

பஞ்சாயத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் அன்று விடுப்பில். வேறொருவர் எழுத்துக் கூட்டிப் படித்து, மலையாளத்தில் இரண்டு வரிச் சுருக்கம் எழுதிக் கோப்பின் மேலே வைத்தார். 'குதிரைகளைப் பிடித்து அடைக்கக் கோரிக்கை' என்பது அந்தச் சுருக்கத்தின் சாரம். கோப்பு நகர்ந்தது. எங்கே அடைப்பது என்று கேட்டால் எவருக்கும் தெரியவில்லை. வனத்துறைக்கு எழுதினார்கள். வனவிலங்குப் பட்டியலில் குதிரை இல்லை என்று பதில் வந்தது. நானே பிறகு அந்தப் பட்டியலைப் புரட்டினேன். காட்டுக்கழுதைக்கு அதில் இடம் இருக்கிறது, குதிரைக்கு இல்லை!

ஆமாம் ஐயா, கழுதைக்கு இருக்கிறது. நீங்கள் கேட்டது சரிதான்.

கால்நடைத்துறைக்கு எழுதினார்கள். கால்நடை என்றால் உரிமையாளர் இருக்க வேண்டுமே, உரிமையாளர் யார் என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். வருவாய்த்துறையோ, நிலம் எங்களுடையது, நிலத்தின் மேல் நடப்பது எங்களுடையதல்ல என்று கைகழுவியது. காட்டுக்கும் சேராமல், வீட்டுக்கும் சேராமல், காகிதத்தில் நிற்க இடமில்லாத ஒரு பிராணி! கடைசியில் யாரோ ஒரு பழைய வழியைக் கண்டுபிடித்தார்கள். தெருவில் திரியும் மாட்டைப் பட்டியில் அடைத்து, எவரும் கேட்டு வராவிட்டால் ஏலம் விடுவதில்லையா? அந்தச் சட்டத்தில் கால்நடை என்றால் குதிரையும் அடக்கம். அப்படியானால் குதிரைகளை ஏலம் விடலாமா? இதற்குச் சட்டக் கருத்து வேண்டும் என்று கோப்பு தலைமைச் செயலகத்துக்கு வந்தது. வந்து நின்றது என் மேசையில்.

நான் மேலே இருந்த சுருக்கத்தை வாசித்தேன். கீழே, கோப்பின் அடியில், தமிழ் மனு கிடந்தது. வாசித்தேனா? இல்லை. தமிழ் பேசும் வீட்டில் பிறந்து, தமிழ் பேசும் தெருவில் வளர்ந்து, தமிழ் மேடைகளில் மாலை வாங்கியவன், அந்த ஒரு பக்கத் தமிழை வாசிக்கவில்லை. 'சட்டப்படி தடையில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அன்றைக்கு அது எனக்கு இருபதாவது கோப்போ, இருபத்தொன்றாவதோ.

ஒரு மாதத்தில் ஏலம் நடந்தது. வெளியூர் ஆள் ஒருவர் முதல் தவணையாகப் பதினொரு குதிரைகளை எடுத்தார். வலைகட்டி, கயிறுவீசி, இரண்டு நாள் துரத்திப் பிடித்தார்கள். லாரியில் ஏற்றுமுன் பிராணிகள் பயணத்துக்கு ஏற்றவையா என்று சான்று கொடுக்க அரசு கால்நடை மருத்துவர் வந்தார். அவர் பெயர் ஸ்ரீப்ரியா. நம்முடைய சாலையில் இரும்புக் கடை வைத்திருந்தவரின் மகள்தான். இரண்டு பெண்குதிரைகள் சினையாக இருக்கின்றன, ஏற்றக்கூடாது என்று அவர் எழுதிக் கொடுத்தார். அவர் ஜீப்பில் திரும்பிப் போன பிறகு அந்த இரண்டையும் சேர்த்தே ஏற்றிவிட்டார்கள்.

மஞ்சாடிமேட்டிலிருந்து இறங்கும் பாதையில் ஏழு வளைவுகள். நான்காவது வளைவில் லாரிக்குள் ஒரு குதிரை சரிந்தது. கால்களைக் கட்டியிருந்ததால் எழ முடியவில்லை. மற்றவை மிரண்டு அதன் மேலேயே மிதித்தன. வண்டி குலுங்கி நின்றது. அந்த வளைவுக்கு மேலேதான் சுவாமிதாஸின் பீன்ஸ் தோட்டம். கொடிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் அந்த ஓலத்தைக் கேட்டார். கையிலிருந்த கத்தியோடு ஓடி வந்தார். லாரிக்காரர்கள் தடுத்தார்கள். அவர் எதுவும் பேசாமல் பின்பக்கமாக ஏறிக் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தார். பிறகு லாரிக்காரர்களும் சேர்ந்துகொண்டு, பின்பலகையை அவிழ்த்து, பத்துக் குதிரைகளைச் சரிவில் இறக்கிவிட்டார்கள். பதினொன்றாவது எழவில்லை. சினைக்குதிரைகளில் ஒன்று அது. செய்தி கேட்டு மருத்துவர் திரும்பி வந்து சேர்ந்தபோது, தன் நிலத்தை அழித்த அந்தக் குதிரையின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பாதையோரத்தில் உட்கார்ந்திருந்தார் சுவாமிதாஸ். அரைமணி நேரத்தில் அது இறந்தது.

அவர் மருத்துவரிடம் சொன்னது இவ்வளவுதான்.

"நான் கேட்டது வேலி, டாக்டரே. வந்தது லாரி."

அந்தச் சொல்லோடுதான் மருத்துவர் ஸ்ரீப்ரியா ஒருநாள் என் அறைக்குள் வந்து நின்றார். சுவாமிதாஸ் தன்னிடம் வைத்திருந்த மனுவின் நகலை அவர் என் மேசையில் வைத்தார்.

"சார், இத வாசிச்சிட்டுத்தானா தடையில்லன்னு எழுதினீங்க?"

கோப்பில் சுருக்கம் இருந்ததே என்றேன்.

"சுருக்கம் இல்ல சார். இது. இது வாசிச்சீங்களா இல்லியா, அத மட்டும் பறஞ்சா மதி, சொன்னாப் போதும்."

வாசித்தேன். நுணுக்கி எழுதிய பதினாறு வரி. நடுவில் ஒரு வரி: 'குதிரை வராமலுக்கு என் நிலத்தை அடைத்துத் தர வேண்டும்.' நாஞ்சில் நாட்டுப் பக்கம் அடைப்பு என்றால் என்ன? வேலி! நிலத்தை அடைக்கச் சொன்னார் அந்த மனிதர். குதிரையை அடைக்கச் சொன்னதாக எழுதினோம் நாம். அதற்கடுத்த வரி இன்னும் என் கண்ணில் நிற்கிறது: 'அதுகளை ஒன்றும் செய்ய வேண்டாம், நமக்கு முந்தியே அங்கே இருக்கிறதுகள்.'

"நான் மூலத்தைப் பாக்கலைம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவர் என்னைத் திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும். அவர் திட்டவில்லை. மீதி அறுபத்திரண்டும் இன்னும் ஏலக் கணக்கில்தான் நிற்கின்றன, அதற்கு என்ன வழி என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலையே என் கருத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதி, காரணத்தையும் எழுதி, அந்தப் பதினாறு வரியை என் கையாலேயே மொழிபெயர்த்து இணைத்தேன். ஏலம் நிறுத்தி வைக்கப்பட்டது. நிறுத்தி வைப்பதுதானே? நாளைக்கு இன்னொரு மேசை, இன்னொரு சுருக்கம், இன்னொரு கையொப்பம் வராது என்று யார் சொல்ல முடியும்? சட்டம் ஒன்று வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. இரண்டு மாதத்தில் ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்ற மறுவாரம் அந்தப் பகுதியின் சட்டமன்ற உறுப்பினர் பகவதிப்பெருமாள் வீடு தேடி வந்தார். பொதுநிலத்தில் வாழும் காட்டுக்குதிரைகளைப் பாதுகாக்கத் தனிநபர் மசோதா கொண்டுவர நினைப்பதாகவும், வரைவு எழுதித் தர முடியுமா என்றும் கேட்டார். முடியுமாவா? நான் காத்துக்கொண்டல்லவா இருந்தேன்!

எழுத உட்கார்ந்தால் முதல் பிரிவிலேயே முட்டி நின்றேன். காட்டுக்குதிரை என்றால் என்ன? 'உரிமையாளர் இல்லாத குதிரை' என்று எழுதினேன். மருத்துவர் ஸ்ரீப்ரியா அடித்துவிட்டார். சவாரிக் குதிரை வைத்திருப்பவர்கள் கிழட்டுக் குதிரைகளையெல்லாம் மேட்டில் கொண்டு தள்ளிவிடுவார்கள் என்றார். உண்மைதானே! 'கடிவாளம் ஏறாத குதிரை' என்று மாற்றினேன். குட்டிக்குதிரைக்கு எங்கே கடிவாளம் ஏறியிருக்கும், எல்லாக் குட்டியும் காட்டுக்குதிரையா என்று கேட்டார். 'பொதுநிலத்தில் பிறந்த குதிரை' என்றேன். பிறந்ததற்குச் சாட்சி யார் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்களே சொல்லுங்கள், குதிரைக்குப் பிறப்புச் சான்றிதழ் யார் கொடுப்பார்?

அதற்கும் அவரே வழி சொன்னார். அதைச் சொல்லாமல் காட்டுகிறேன் என்று என்னை மலைக்கு வரவழைத்தார். ஐம்பத்தாறு வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் தீர்ப்பெழுதிய அந்தப் பிராணிகளை நேரில் பார்த்தேன். பனி விலகியது. புல்லின் நிறத்தில் ஒன்று, பாறையின் நிறத்தில் ஒன்று, நனைந்த மண்ணின் நிறத்தில் ஒன்று. எங்களைக் கண்டதும் தாய்க்குதிரைகள் குட்டிகளை உள்ளே விட்டு வட்டமாக நின்றன. ஸ்ரீப்ரியா தொலைநோக்கியை என் கையில் தந்து, நெற்றியைப் பாருங்கள் என்றார். ஒவ்வொன்றின் நெற்றியிலும் மயிர்ச்சுழி. ஒன்றுக்கு ஒற்றைச் சுழி, ஒன்றுக்கு இரட்டை, ஒன்றுக்குக் கண்ணுக்குக் கீழே. நம்முடைய முன்னோர் சுழியைப் பார்த்து இது வீட்டுக்கு ஆகுமா, ஆகாதா என்று பலன் சொன்னார்கள். இந்தப் பெண்ணோ, நமக்குக் கைரேகை மாதிரி அதற்குச் சுழி என்று சொல்லி, அறுபத்திரண்டுக்கும் படம் எடுத்துப் பதிவேடு போட்டிருந்தார். ஆண்டுதோறும் எண்ணினால், எந்தக் குட்டி மேட்டில் பிறந்தது, எது வெளியிலிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும். பாருங்கள், சட்டப் புத்தகத்தில் கிடைக்காத விளக்கம் குதிரையின் நெற்றியில் எழுதியிருந்தது!

அன்று மாலை சுவாமிதாஸின் வீட்டுக்குப் போனோம். நான் யார் என்று சொன்னேன். என்ன எழுதினேன் என்றும் சொன்னேன். அவர் உள்ளே போய்ப் பால் சேர்க்காத கட்டன் சாயா கொண்டுவந்து கொடுத்தார். பிறகுதான் பேசினார்.

"குதிரைக்குச் சட்டம் எழுதுறீங்க. நல்ல காரியம் சார். எனக்கு அதுல எத்தன வரி?"

ஒரு வரிகூட இல்லை. அன்றைய வரைவில் விவசாயிக்கு ஒரு வரிகூட இல்லை! வெட்கத்தோடு திரும்பி வந்து இரண்டு பிரிவுகள் சேர்த்தேன். சரிவுநிலங்களுக்கு அரசே வேலி போட வேண்டும், பயிர் அழிந்தால் முப்பது நாளில் இழப்பீடு தர வேண்டும் என்று.

இதுபோல வேறு எங்காவது சட்டம் உண்டா என்று தேடினேன். அமெரிக்காவில் இருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் அந்நாட்டுப் பொதுநிலங்களில் திரியும் காட்டுக்குதிரைகளைப் பிடிப்பதையும் கொல்வதையும் குற்றமாக்கினார்கள். அதற்காகப் பள்ளிப் பிள்ளைகள் மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதினார்களாம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. காப்பாற்றிய குதிரைகள் பெருகின. நிலம் தாங்கவில்லை. இன்றைக்குப் பல்லாயிரம் குதிரைகள் அரசாங்கக் கொட்டடிகளில் தீனி தின்று நிற்கின்றன. அதை வாசித்ததும், எண்ணிக்கையைப் புல்லோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு வேண்டும் என்று இன்னொரு பிரிவு எழுதினேன்.

மசோதா வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பார்வையாளர் மாடத்தில் நானும், மருத்துவரும், மலையிலிருந்து பேருந்தில் வந்த சுவாமிதாஸும். பகவதிப்பெருமாள் எழுந்து தமிழிலேயே பேசினார். பதினொரு நிமிடம். அந்தப் பதினாறு வரி மனுவை முழுதாக வாசித்தார். பிறகு ஓர் உறுப்பினர், யானைக்கு வழிவிட்டோம், பன்றிக்கு வழிவிட்டோம், இனிக் குதிரைக்கும் விட்டால் மலையில் மனிதன் எங்கே நிற்பது என்று கேட்டார். சிரிப்பு எழுந்தது. ஆனால் அது சிரிக்க வேண்டிய கேள்வியல்ல, நேர்மையான கேள்வி. என் பக்கத்தில் சுவாமிதாஸ் தலையை ஆட்டி ஆமோதித்தார்!

குரல் வாக்கெடுப்பு நடந்தது. மசோதா தோற்றது.

ஆமாம், தோற்றது. பின்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டுகிறீர்கள். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் தோற்ற அதே அவையில் அமைச்சர் எழுந்து மூன்று வாக்குறுதிகள் தந்தார். ஏலம் இனி இல்லை. மூன்று துறைகளும் ஒன்றாக மேட்டுக்குப் போய்ப் பார்க்கும். தமிழில் வரும் மனுவைத் தமிழ் தெரிந்தவர் முழுதாக வாசித்துக் கையொப்பமிட்ட பிறகே கோப்பு நகரும். வாக்குறுதி சட்டமாகுமா? ஆகாது. ஆனால் நான்கு மாதத்தில் மூன்று துறைக்காரர்களும் ஒரே ஜீப்பில் மஞ்சாடிமேட்டுக்குப் போனார்கள். அதுவே ஓர் அதிசயம்! வேலிக்கு உத்தரவும் வந்தது.

வேலி போட்ட நாளில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அளவுக்காரர்கள் சுவாமிதாஸின் எல்லைக்கல்லை ஒட்டி நூல் பிடித்தார்கள். அவர் வந்து நூலை அவிழ்த்துத் தன் நிலத்துக்குள்ளே பன்னிரண்டு அடி தள்ளிக் கட்டச் சொன்னாராம். கோடையில் குதிரைகள் ஓடைக்கு இறங்கும் தடம் அவர் நிலத்து மூலையின் வழியாகத்தான் போகிறது. பட்டா நிலத்தை ஏன் விடுகிறீர்கள் என்று அதிகாரிகள் தடுத்தார்கள். செய்தி கேட்டு நானே தொலைபேசியில் அழைத்தேன். ஒரு வேண்டுகோள் எழுதிக் கொடுங்கள், அரசே அதற்கு மாற்று நிலம் தர நான் முயல்கிறேன் என்றேன். அவர் சொன்ன பதில் இது.

"நான் மனு எழுதி, அது திருவனந்தபுரம் வந்து, நீங்க வாசிச்சுத் தீரும் வரைக்கும் அதுக தாகத்தோட நிக்கணுமா சார்?"

அவையோரே! ஒன்றரை ஏக்கர்காரர் பன்னிரண்டு அடியை விட்டுக்கொடுத்தார். ஊரெல்லாம் புறம்போக்கு வைத்திருக்கும் அரசு ஓர் ஏட்டில் ஒரு பிரிவை எழுதத் தயங்கலாமா? பேசத் தெரியாத பிராணிக்காகப் பேசத் தெரிந்த நாம் வாய் திறக்காவிட்டால் வேறு யார் திறப்பார்? சுவாமிதாஸின் மனம் எல்லோருக்கும் வாய்க்காது. வாய்க்காத இடத்துக்குத்தான் சட்டம் வேண்டும். அவருக்குப் பிறகு அந்த நிலத்துக்கு வருபவர் நூலை மறுபடியும் கல்லோடு சேர்த்துக் கட்டலாம். அப்போது அந்தத் தடத்தைக் காப்பது எது?

பகவதிப்பெருமாள் மறுபடியும் அறிவிப்புக் கொடுத்துவிட்டார். திருத்திய மசோதா வருகிற கூட்டத்தொடரில், மூன்றாம் வெள்ளிக்கிழமை. சென்ற முறை பார்வையாளர் மாடத்தில் குதிரைகளுக்காக வந்தவர்கள் மூன்று பேர். இந்த முறை நாற்பது நுழைவுச் சீட்டுக்கு விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். அதற்கான தாள் அதோ, மாளவிகா டீச்சரின் மேசையில் இருக்கிறது. அதில் முழுதும் தமிழில்தான் எழுதியிருக்கிறேன். தயவுசெய்து ஒவ்வொரு வரியையும் வாசித்துவிட்டுப் பெயர் எழுதுங்கள்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும், தவற்றை ஒத்துக்கொள்ள ஒரு மேடை தந்த அரங்கத்துக்கும், இரண்டு பேருந்துகளைத் தவறவிட்டும் நகராமல் நிற்கும் வாசற்படி நண்பர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அந்த வெள்ளிக்கிழமை காலை சட்டமன்ற வாசலில் உங்களை எதிர்பார்த்து நிற்பேன். வணக்கம்.